வெளிவேலைகளுக்குக் குழந்தையை உடன் அழைத்துப் போனால் பழகும் திறன் வளருமா?

கேள்வி: வாசற்படி

வணக்கம். என் மகனுக்கு அடுத்த மாதம் 2 வயது நிறைகிறது. நானும் என் கணவரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள். தாத்தா பாட்டி தொலைவில் இருக்கிறார்கள், அக்கம்பக்கத்தில் அவன் வயதொத்த பிள்ளைகளும் இல்லை. ஆகவே அவன் நாள்தோறும் நெருங்கிப் பார்க்கும் முகங்கள் இரண்டே இரண்டு. வீட்டுக்குள் ஓயாமல் பேசுகிறான். இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்கிறான். படப் புத்தகத்தில் எதையாவது கண்டால் விரலால் சுட்டி, நானும் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறான். ஆனால் வாசலில் தபால்காரர் வந்து நின்றால் போதும், என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஆடையை இறுகப் பற்றிக்கொள்கிறான். வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவரிடம் இதைச் சொன்னேன். வளர்ச்சியில் குறை ஒன்றும் இல்லை, மனிதர்களைப் பார்த்துப் பழக வாய்ப்புகளைக் கூட்டுங்கள் என்றார்.

அதற்கென்று தனியாக விளையாட்டுக் குழு தேடி அலைவதைவிட, எப்படியும் நான் செய்தாக வேண்டிய வெளிவேலைகளுக்கு, அதாவது கடை, தபால் நிலையம், நூலகம் போன்ற இடங்களுக்கு, அவனையும் அழைத்துப் போகலாம் என்று தோன்றியது. இதுவரை அவன் தூங்கும் நேரம் பார்த்து ஒருவர் வீட்டில் இருக்க, மற்றவர் ஓட்டமாக ஓடிப் போய்வருவதே எங்கள் வழக்கம். முதல் முயற்சியே சரியாக அமையவில்லை. நீளமான பட்டியலோடு கடையைச் சுற்றி முடித்து, பில் போடும் வரிசைக்கு வந்து சேர்வதற்குள் அவனுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. பில் போடுபவர் அன்பாகத்தான் "பெயர் என்ன?" என்று கேட்டார். "மாமா கேட்கிறார் பார், பெயரைச் சொல்லு" என்று நான் மூன்று முறை தூண்டினேன். நான்காவது முறை வாயைத் திறந்ததும் அவன் தரையில் படுத்து அலறத் தொடங்கினான். பின்னால் நின்றவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு வரவில்லை. எடுத்த சாமான்களை அப்படியே விட்டுவிட்டு, அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த வயதில் இப்படி அழைத்துப் போவதால் உண்மையிலேயே பழகும் திறன் வளருமா, அல்லது ஏதோ செய்கிறோம் என்று நான் என்னையே தேற்றிக்கொள்கிறேனா? வளரும் என்றால் எப்படித் தொடங்குவது? பிறர் கேட்கும்போது அவன் பேச மறுத்தால் நான் என்ன சொல்ல வேண்டும்?

மறுமொழி 1: சாக்பீஸ்

மழலையர் வகுப்பில் 11 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன் என்ற அளவில் சொல்கிறேன், சகோதரி. வளரும். ஆனால் நீங்கள் முதல் நாளே அவனிடம் கேட்டது, அந்த முழுக் கடையிலும் இருந்த வேலைகளிலேயே மிகக் கடினமான ஒன்று. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் பார்த்து, எல்லோரும் காத்திருக்க, தன் பெயரை உரக்கச் சொல்வது என்பது நாலு வயதுப் பிள்ளைகளில் பலருக்கே வராது. அதை விட்டுவிட்டு, அவனால் கையால் செய்ய முடிந்த ஒன்றைக் கொடுத்திருந்தால் அன்றைய கதை வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வயதில் பிள்ளைகளுக்கு உதவி செய்யும் ஆசை எங்கிருந்தோ பொங்கி வருகிறது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு பழகாத ஒரு பெரியவர் துணி கிளிப்பைக் கைதவறவிட்டு எட்டி எட்டிப் பார்ப்பதையும், இரு கைகளிலும் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் நிற்பதையும் 18 மாதக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். யாரும் கேட்காமலே, பாராட்டை எதிர்பார்க்காமலே, பெரும்பாலான குழந்தைகள் ஏதாவது ஒரு வேளையில் எழுந்து போய் உதவினார்கள். உங்கள் மகன் பெயரைச் சொல்ல மறுத்த அதே மனிதரிடம் கீழே விழுந்த பில்லை எடுத்துக் கொடுத்திருக்கக்கூடும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவன் தூங்கும்போது ஓடிப் போய்வருவோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். ஹேரியட் ரைன்கோல்ட் என்ற உளவியலாளர் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகள் பெருக்குவது, துணி மடிப்பது, மேசையைச் சரிசெய்வது போன்ற வேலைகளில் பெற்றோருக்கு மட்டுமன்றி அறிமுகமில்லாத பெரியவருக்கும் தாமாகவே கைகொடுப்பதைப் பதிவுசெய்தார். அதே ஆய்வில் பெற்றோர்கள் பலர், இவர்கள் வந்தால் வேலை கெடும் என்று குழந்தை தூங்கும் நேரம் பார்த்து வீட்டு வேலைகளை முடித்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். உதவ ஓடி வரும் வயதில் அவர்களை நாம்தான் தூங்க வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

விளையாட்டுக் குழுவைவிட வெளிவேலை நல்லதா என்றால், இந்த வயதுக்கு அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். இரண்டு வயதில் குழந்தைகள் பெரும்பாலும் அருகருகே உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இலேயே இதைக் கவனித்துப் பெயரிட்டு எழுதினார். ஒத்த வயதுப் பிள்ளை உங்கள் மகனுக்காகக் காத்திருக்காது, அவன் தயங்கினால் விட்டுக்கொடுக்காது. கவுண்டரில் இருக்கும் பெரியவர் காத்திருப்பார், குனிவார், குரலைத் தணித்துக்கொள்வார். மேலும் அங்கு நடக்கும் உரையாடல் ஒவ்வொரு முறையும் ஒரே வடிவில்தான் இருக்கும்: வணக்கம் சொல்வது, கொடுப்பது, காத்திருப்பது, வாங்குவது, போய்வருகிறேன் என்பது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் புதுமை வேண்டியதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அவனுக்குத் தெம்பு. ஆகவே ஒரே இடம், கூடுமானால் அதே ஆள், வாரம் இரண்டு முறை, ஒரே ஒரு வேலை. பட்டியலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அவன் பேசாதபோது என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவனுக்குப் பதிலாக நீங்கள் பேசுங்கள், ஆனால் அவனைப் பற்றி மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசாதீர்கள். "இவன் கூச்ச சுபாவம்" என்று அவன் காதுபடச் சொல்வதை அடியோடு விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவே தன் பெயர் என்று அவன் எடுத்துக்கொள்வான். "இன்று பார்த்துக்கொண்டு நிற்கிறான், அடுத்த முறை சொல்வான்" என்றால் போதும். உங்கள் முகத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் சோர்ஸ், ஜோசப் கேம்போஸ் முதலான உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 12 மாதக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேடை ஒன்றின் மேல் விட்டார்கள். கண்ணாடிக்கு அடியில் பள்ளம் போலத் தெரியும். எதிர்ப்புறம் தாய் சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். தாய் அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. பில் வரிசையில் நீங்கள் பதற்றத்தோடு "சொல்லு, சொல்லு" என்றபோது அவன் படித்தது உங்கள் சொற்களை அல்ல, முகத்தை.

மறுமொழி 2: இரவல்சீட்டு

நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவள். ஒரு பொது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ சிறு பிள்ளைகள் வருகிறார்கள், ஆகவே இங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில், பின்னால் நிற்பவர்களைப் பற்றிய உங்கள் அச்சம் பெரும்பாலும் வீணானது, ஆனால் முழுக்க வீணானது என்று சொல்ல மாட்டேன். கூட்ட நேரத்தில் ஒரு குழந்தை நூலக அட்டையை எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் வரிசையில் யாராவது ஒருவர் பெருமூச்சு விடத்தான் செய்வார், எனக்கும் கை பரபரக்கும். திறந்தவுடன் வரும் முதல் ஒரு மணி நேரமும், நடுப்பகலுக்குப் பிறகு கூட்டம் வடியும் நேரமும் வேறு மாதிரி. அப்போது எனக்கே அந்தப் பிள்ளையோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும் போல இருக்கும். நேரத்தை மாற்றிப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டாவதாக, பெற்றோர்கள் அறியாமல் செய்யும் ஒன்று. குழந்தை புத்தகத்தை நீட்டும், நான் கையை நீட்டுவேன். அதன் விரல்கள் புத்தகத்தின் விளிம்பில் இருக்கும், என் விரல்கள் மறு விளிம்பில் இருக்கும், ஆனால் அது விடாது. விடலாமா வேண்டாமா என்று என் முகத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அந்த இடைவெளி மூன்று நான்கு நொடிதான் இருக்கும். அதற்குள் அம்மாவோ அப்பாவோ "கொடுடா" என்று பின்னாலிருந்து பிடுங்கி என்னிடம் தந்துவிடுவார்கள். குழந்தை கற்றுக்கொள்ள வந்ததே அந்த நான்கு நொடியைத்தான். நான் பொறுத்திருக்கத் தயாராகத்தான் இருக்கிறேன், நீங்களும் பொறுத்திருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது எனக்கு வெகுநாள் கழித்தே புலப்பட்டது. தொடக்கத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைக் குழந்தையிடம் ஒப்படைக்காதீர்கள், எடுத்துப் போகும் வேலையைக் கொடுங்கள். எடுத்துப் போகும்போது புத்தகம் என்னிடம் வருகிறது, 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, உடனே அது குழந்தையின் கைக்கே திரும்பிவிடுகிறது. கொடுத்தால் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அங்கேதான் விழுகிறது. திருப்பிக் கொடுக்கும்போது கதையே வேறு: இரண்டு வாரம் தன் தலையணைக்கு அருகில் இருந்த புத்தகத்தை முகம் தெரியாத ஒருத்தி வாங்கி மேசைக்கு அடியில் போட்டுவிடுகிறாள். அழாமல் என்ன செய்யும்? அந்த நாள் வரும்போது, புதிதாக எடுத்த இன்னொரு புத்தகத்தை முதலில் அதன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு பழையதைக் கேளுங்கள்.

மறுமொழி 3: இரட்டைநடை

மேலே எழுதியவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இரட்டைக் குழந்தைகள், இப்போது 3 வயது. ஒவ்வொரு வெளிவேலையையும் பாடமாக மாற்ற முயன்று ஒரு கட்டத்தில் நான் சோர்ந்து விழுந்துவிட்டேன். காலையில் மருந்து வாங்கியாக வேண்டிய அவசரத்தில் போனபோதும் "பாப்பா, மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று நின்றுகொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வேலைகளை இரண்டாகப் பிரித்துவிட்டேன். சில வேலைகள் எனக்கானவை; அவற்றுக்குப் பிள்ளைகள் வந்தால் வண்டியில் உட்கார்ந்து வருவார்கள், யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வாரத்தில் ஒன்றோ இரண்டோ அவர்களுக்கானவை. அங்கே சாமான் வாங்காமல் திரும்பினாலும் எனக்குக் கவலை இல்லை. எது எந்த வகை என்று வீட்டுப் படி இறங்கும் முன்பே முடிவு செய்துவிடுவேன். வாசற்படி அவர்களின் முதல் முயற்சி தவறியது, நான்கு பேரின் வேலையை ஒரே பயணத்தில் முடிக்க நினைத்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. கடைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்தால் வாரைப் பூட்டாமல் விடாதீர்கள். எழுந்து நின்று எட்டிப் பார்க்கும் வயது இது, வண்டி கவிழ்வதற்கு ஒரு நொடி போதும். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிறு குழந்தைகளைத் தள்ளுவண்டி போன்றவற்றில் ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்க வேண்டாம் என்று இருக்கிறது. என் அனுபவத்தில் அரை மணிக்கே தாங்காது.

கைப்பேசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும்போது குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்தால் அமைதியாக இருக்கும், ஆனால் அது வரிசையில் இல்லாததற்குச் சமம். அதைவிட என்னை உறுத்தியது என் கையில் இருந்த கைப்பேசிதான். 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 2 வயதுக் குழந்தைகளுக்குத் தாய்மார்கள் புதுச் சொல் ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொடுத்த சொல் குழந்தைகளுக்கு வந்தது. நடுவே தொலைபேசி அழைப்பு வந்து தாய் பேசிவிட்டுத் திரும்பிச் சொல்லிக்கொடுத்த சொல் வரவில்லை. இரண்டு சொற்களையும் காதால் கேட்ட தடவைகளில் வேறுபாடு இல்லை. அதைப் படித்த பிறகு பிள்ளைகளுக்கான வேலைக்குப் போகும்போது கைப்பேசியைப் பையின் அடியில் போட்டுவிடுகிறேன்.

ஒரு சிறு கேள்வி சாக்பீஸ் அவர்களுக்கு: ஒழுங்காக வணக்கம் சொன்னால் பொம்மை வாங்கித் தருகிறேன் என்று ஆசைகாட்டுவது சரியா? என் மாமியார் அப்படித்தான் பழக்குகிறார்.

மறுமொழி 4: சாக்பீஸ்

உங்கள் மாமியாரின் மனம் நோகாமல் அதை மெல்லக் குறைத்துவிடுவது நல்லது என்றே சொல்வேன். மேலே நான் குறிப்பிட்ட வார்னெகன், டோமசெல்லோ இருவரும் 2008-இல் 20 மாதக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். உதவியதற்குப் பொருள் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, பாராட்டு மட்டும் பெற்றவர்களையும் எதுவுமே பெறாதவர்களையும்விடக் குறைவாகவே உதவினார்கள். எதற்காகக் கொடுக்கிறோமோ அதன் சுவையையே பரிசு எடுத்துவிடுகிறது. திரும்பி நடக்கும்போது "நீ அட்டையைக் கொடுத்தாய், அந்த அத்தை சிரித்தார்கள்" என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். இரண்டு வகையாகப் பிரிப்பது பற்றி நீங்கள் எழுதியதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அதை முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

மறுமொழி 5: நிழல்மரம்

ஒரு தந்தையாகச் சுருக்கமாக. என் மகள் பிறவியிலேயே புதியவற்றைக் கண்டு பின்வாங்குகிறவள். ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதியது போல, ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே புதுக் காட்சிக்கும் ஒலிக்கும் மிகையாக அதிரும் இயல்பு இருக்கிறது. அது நோயும் அன்று, வளர்ப்பின் பிழையும் அன்று. நாங்கள் ஒரே கடைக்கு ஏழு மாதம் போனோம். முதல் இரண்டு மாதம் அவள் என் தோளை விட்டு இறங்கவே இல்லை. தோளில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது, பிறகு ஒருநாள் வீட்டில் நாற்காலியைக் கவிழ்த்துக் கவுண்டர் ஆக்கி, என்னை வரிசையில் நிற்க வைத்து, அந்தக் கடைக்காரர் இருமுவதுபோலவே இருமிக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று. அன்பு மிகுதியில் சிலர் கன்னத்தைக் கிள்ளுவார்கள், தூக்கக் கை நீட்டுவார்கள். அவள் முகத்தைத் திருப்பினால் "இன்று வேண்டாமாம், கை மட்டும் அசைப்பாள்" என்று நானே சொல்லிவிடுவேன். கூச்சமாக இருக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும். பழகக் கற்றுக்கொள்வதில் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்வதும் அடங்கும்.

உங்கள் மகன் விரலால் சுட்டிக் காட்டுகிறான், நீங்கள் பார்க்கிறீர்களா என்று திரும்பிப் பார்க்கிறான் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், மருத்துவரும் பார்த்துவிட்டார். ஆகவே உங்களுக்காக நான் கவலைப்படவில்லை. இதைப் படிக்கும் வேறு யாருடைய குழந்தையாவது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருந்தாலோ, 18 மாதமாகியும் எதையும் சுட்டிக் காட்டாமல் இருந்தாலோ, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்தாலோ, கடைக்கு அழைத்துப் போய்ப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மறுமொழி 6: வாசற்படி

அனைவருக்கும் நன்றி. உடனே எழுத நினைத்தேன், ஆனால் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று மூன்று வாரம் பொறுத்தேன்.

இரட்டைநடை அவர்கள் சொன்னபடி வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். அவனுக்கான வேலை நூலகம் மட்டுமே. செவ்வாயும் வெள்ளியும், திறந்தவுடன். கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் சொல்கிறேன்: நடப்போம், புத்தகம் எடுப்போம், அக்காவிடம் கொடுப்போம், 'பீப்' கேட்கும், வாங்கிக்கொண்டு வருவோம். முதல் மூன்று முறை அவன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரவே இல்லை. கவுண்டரில் இருந்த பெண் சற்றும் சலித்துக்கொள்ளாமல், புத்தகத்தை அவன் கையிலேயே விட்டுவிட்டு, கருவியை அவன் பக்கம் நீட்டி 'பீப்' ஒலிக்க வைத்தார். நான்காவது முறை அவனாகவே புத்தகத்தைக் கவுண்டர் விளிம்பில் வைத்து, ஆனால் ஒரு விரலை அதன் மேலேயே ஊன்றிக்கொண்டு நின்றான். என் கை தானாக எழுந்தது. அந்த நான்கு நொடி நினைவுக்கு வந்து கையைக் கீழே விட்டுவிட்டேன். அவன் விரலை எடுத்தான்.

நடுவே ஒரு வெள்ளிக்கிழமை வீணாகிப்போனது. அதற்கு முந்தைய இரவு அவன் சரியாகத் தூங்கவில்லை, எனக்கும் தலைவலி, போயிருக்கவே கூடாது. வாசலைத் தாண்டும் முன்பே அழுதான், திரும்பிவிட்டோம். பேச்சு இன்னும் வரவில்லை. அந்தப் பெண் கையசைத்தால் என் பின்னால்தான் போகிறான், இப்போது ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு. நேற்று இரவு விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து, தூங்கிவிட்டான் என்று நான் எழப் போன நேரத்தில், இருட்டிலிருந்து "அக்கா பீப்" என்று ஒரு குரல் வந்தது.

நாளை அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். இரவல்சீட்டு அவர்கள் எழுதியபடி, இன்னொன்றை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் இதைக் கேட்கப் போகிறேன்.